லென்ஸுக்குள் பூசணம்: டிரை கேபினட் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகப் பேச்சு கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு பெட்டியைப் பத்திப் பேசப்போறோம். பார்க்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும். கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு லைட், முன்னாடி ஒரு நம்பர். கேமரா வச்சிருக்கிற நண்பர் வீட்டில் பார்த்திருப்பீங்க. அதுதான் டிரை கேபினட்.

"இது நமக்குத் தேவையா? எதை வாங்குறது? எத்தனையில் செட் பண்றது?" இந்த மூணு கேள்வியும் எனக்குத் திரும்பத் திரும்ப வருது. பதிலுக்கு முன்னாடி, நான் எப்படி இதைக் கத்துக்கிட்டேன்னு சொல்லிடறேன். கத்துக்க ஒரு லென்ஸ் செலவாச்சு.

பீரோவுக்குள் என்ன நடந்தது

எனக்கு ஊர் கொட்டாரம். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போற வழியில், கடலுக்குச் சில கிலோமீட்டர் முன்னாடி. ஒரு பக்கம் மருந்துவாழ் மலை, சுத்தி வயலும் குளமும், எந்நேரமும் கடல் காத்து. எங்க மாவட்டத்துக்கு ரெண்டு மழைக்காலம் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு மழை முடிஞ்சா கொஞ்ச நாள் காய நேரம் கிடைக்கும். இங்கே அந்த இடைவெளி ரொம்பக் குறைவு.

கல்யாண வீடுகளில் இரண்டாவது கேமராமேனாக வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு 70-300 லென்ஸ் வாங்கியிருந்தேன். தேரூர் குளத்தில் பறவை எடுக்கத்தான். 2021 நவம்பரில் எங்க மாவட்டத்தில் பெருமழை, வெள்ளம். வெளியே போக வழியில்லை. கேமராவைப் பையில் போட்டு, ஜிப்பை நல்லா மூடி, இரும்பு பீரோவுக்குள் வச்சுப் பூட்டினேன். பத்திரம்னு நினைச்சேன். தை மாசம் வெளியே எடுத்தப்ப, முன் கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் ஓடிக்கிடந்தது.

நாகர்கோவிலில் ஒரு ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் பிரிச்சு, துடைச்சு, டார்ச் அடிச்சுக் காட்டினார். "பூசணம் போயிடுச்சு தம்பி. ஆனா அது தின்ன தடம் போகாது." சாதாரண வெயிலில் படம் பரவாயில்லை. சூரியனுக்கு எதிரே பிடிச்சா படம் முழுக்க ஒரு வெள்ளைப் புகை. காலை நேரத்துப் பறவைப் படங்களுக்காகவே வாங்கின லென்ஸ் அது.

பூசணத்துக்கு என்ன வேணும்?

பூசண விதைகள் காத்தில் எல்லா இடத்திலும் இருக்கு. புதுசா வாங்கின லென்ஸுக்குள்ளும் இருக்கலாம். அதைத் தடுக்க முடியாது. அது முளைக்க வேண்டியது கொஞ்சம் தூசி அல்லது எண்ணெய்ப் பிசுக்கு, இருட்டு, அசையாத காத்து, எல்லாத்துக்கும் மேலே ஈரம். என் பீரோவில் இது அத்தனையும் இருந்தது.

முளைச்ச பிறகு பூசணம் ஒரு அமிலத்தைச் சுரக்கும். அதுதான் கண்ணாடி மேலே இருக்கிற கோட்டிங்கை அரிக்கிறது. ஆரம்பத்திலேயே பார்த்துத் துடைச்சா தப்பிக்கும். விட்டுட்டா தடம் நிரந்தரம்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. இரண்டாம் உலகப் போரில் நியூகினியிலும் பசிபிக் தீவுகளிலும் இருந்த படைகளுக்கு பைனாகுலர், குறி பார்க்கும் கருவி எல்லாம் பூசணம் பிடிச்சுப் பயனில்லாம போச்சு. அதுக்காகவே விஞ்ஞானிகளை உட்கார வச்சு ஆராய்ச்சி பண்ண வேண்டி வந்தது. வெப்பமண்டல ஈரம் லென்ஸுக்கு ஆகாதுன்னு அப்பவே உலகத்துக்குத் தெரிஞ்சுடுச்சு.

சதவீதம்னா என்ன சதவீதம்?

கேபினட் முன்னாடி தெரியும் நம்பர் ஒப்பு ஈரப்பதம். இந்த வெப்பநிலையில் காத்து தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு இப்போ இருக்குன்னு அது சொல்லுது.

30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காத்து சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். எங்க ஊரில் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கிற ஒரு நாளில், அதில் 24 கிராம் இருக்கு. ராத்திரி 25 டிகிரிக்கு இறங்குதுன்னு வைங்க. அந்த வெப்பநிலையில் காத்து தாங்கக்கூடியதே 23 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? சுவர், துணி, இரும்பு, கண்ணாடி எதில் முடியுமோ அதில் படியும். மழை பெய்யாத ராத்திரியிலும் பீரோவுக்குள் துணி நமுத்துப் போறது இதனால்தான்.

ஈரப்பதம் தொடர்ந்து 60, 70 சதவீதத்துக்கு மேலே இருந்தா பூசணத்துக்குக் கொண்டாட்டம். கேமராவுக்குச் சரியான அளவு 40 முதல் 50 வரை. நான் 45-ல் வச்சிருக்கேன்.

"இன்னும் காய்ஞ்சா இன்னும் நல்லதுதானே, 25-ல் வைக்கலாமா?" வேண்டாம். ரப்பர் பிடி, பழைய தோல் உறை, லென்ஸுக்குள் இருக்கிற மசகு எல்லாம் ரொம்பக் காய்ஞ்சா கெடும். 45-லேயே பூசணம் வளராது. அதுக்குக் கீழே போறதில் லாபம் ஒண்ணுமில்லை.

முதலில் வாங்க வேண்டியது கேபினட் இல்லை

முதலில் ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்குங்க. சில நூறு ரூபாய்தான். இப்போ கேமரா இருக்கிற இடத்தில் அதை ஒரு வாரம் வைங்க. காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு குறிச்சு வைங்க. ஒசூரில் இருக்கிறவருக்கும் நாகர்கோவிலில் இருக்கிறவருக்கும் ஒரே பதில் கிடையாது. உங்க வீட்டு நம்பர்தான் முடிவு பண்ணணும்.

ஆனா அந்த ஹைக்ரோமீட்டர் உண்மை சொல்லுதா? அதைச் சோதிக்க வீட்டு உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணி விட்டு, ஈர மணல் மாதிரி ஆக்குங்க. கரைஞ்சு தண்ணியாகிடக் கூடாது. அதையும் ஹைக்ரோமீட்டரையும் ஒரு ஜிப் கவரில் மூடி, ஒரு ராத்திரி முழுக்க வைங்க. காலையில் மீட்டர் 75 காட்டணும். 70 காட்டினா உங்க மீட்டர் 5 குறைச்சுச் சொல்லுது. அதை மனசில் வச்சுக்கிட்டா போதும்.

இதுக்குப் பாக்கெட் தூள் உப்பு எடுங்க, கல்லுப்பு வேண்டாம். எங்க பக்கத்தில் புத்தளத்தில் உப்பளம் உண்டு. சின்ன வயசில் வீட்டில் உப்பு மரவையில்தான் கிடக்கும். ஐப்பசி பிறந்தா அம்மை மரவையைத் தொட்டுப் பார்த்து, "மக்களே, உப்பு கசியுது, மழை வரும்"னு சொல்லுவா. அது மூடநம்பிக்கை இல்லை. சுத்தமான சமையல் உப்பு 75 சதவீதத்துக்கு மேலேதான் ஈரத்தை இழுத்துக் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்துக்கு மேலேயே இழுக்க ஆரம்பிச்சிடும். அதனால் கல்லுப்பு போட்டா உங்க சோதனை தப்பாகும்.

இதில் கேமராவுக்கும் ஒரு பாடம் இருக்கு. கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரிய உதயம் எடுத்துட்டு வர்றப்ப கேமரா மேலே படிஞ்சிருக்கிறதும் அதே கடல் உப்பு. அது காத்திலிருந்து ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். நல்ல தண்ணியில் நனைச்சு நல்லாப் பிழிஞ்ச துணியால் வெளிப்பக்கத்தைத் துடைச்சு, காய்ஞ்ச துணியால் ஒருமுறை துடைச்சு, அதுக்கப்புறம் உள்ளே வைங்க. உப்போடு கேபினட்டுக்குள் போகக் கூடாது.

ரெண்டு வகைக் கேபினட்

முதல் வகை பெல்டியர். உள்ளே ஒரு சின்னத் தகடு. கரண்ட் போனா ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். உள்ளே இருக்கிற ஈரம் குளிர்ந்த பக்கத்தில் வேர்த்து, வெளியே போய் ஆவியாகும். சத்தம் கிடையாது, மின்சாரமும் குறைவு. குளிர்ப் பிரதேசத்தில் இது சரியா வேலை செய்யாது. நமக்கு அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது வகையில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் உள்ளேயே இருக்கும். அது உள்காத்திலிருந்து ஈரத்தை இழுக்கும். நிறைஞ்சதும் உள்பக்கக் கதவு தானா மூடி, வெளிப்பக்கம் திறக்கும். ஒரு ஹீட்டர் அந்த ஈரத்தை வெளியே விரட்டும். வேகமா காயவைக்கும், விலையும் பொதுவா கூட.

ஒரு கேமரா, மூணு லென்ஸ் வச்சிருக்கிற ஆளுக்குப் பெல்டியர் போதும். தினமும் பத்து முறை திறந்து மூடுற ஸ்டுடியோவுக்கு இரண்டாவது வகை நல்லது.

கரண்ட் பில்லைப் பத்திப் பயப்பட வேண்டாம். 10 வாட் இழுக்கிற பெட்டி நிக்காம ஓடினாலும் ரெண்டு மாசத்துக்குச் சுமார் 14 யூனிட். நம்ம வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்.

கரண்டே இல்லைன்னா? 2017 நவம்பர் 30 அன்னைக்கு ஓகி புயல் எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கரண்ட் கம்பங்கள் சாஞ்சு, பல ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. பெல்டியர் நின்னா, கதவு நல்லா மூடியிருக்கிற வரைக்கும் ஈரம் மெதுவாத்தான் ஏறும். ஆனா ஏறும். அதனால் என் கேபினட்டுக்குப் பக்கத்தில் காய்ஞ்ச சிலிக்கா ஜெல் ஒரு டப்பாவில் மூடி எப்பவும் தயாரா இருக்கு. கரண்ட் ரொம்ப நேரம் வராதுன்னு தெரிஞ்சா அதை உள்ளே வச்சுக் கதவை மூடிடுவேன். திறந்து திறந்து பார்க்க மாட்டேன்.

கடையில் என்ன பார்க்கணும்

முதலில் அளவு. லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீங்க. உள் உயரத்தை டேப் வச்சு அளங்க. பறவை எடுக்கிறவங்க வாங்குற 150-600 மாதிரி லென்ஸ் ஹூட் இல்லாமலே 26 சென்டிமீட்டர் நீளம் வரும். தட்டைக் கழட்டினாதான் நிக்கும்னா, உங்களுக்கு ஒரு தட்டு போச்சு. இன்னைக்கு இருக்கிற பொருளுக்கு எவ்வளவு இடம் வேணுமோ, அதைப் போல ரெண்டு மடங்கு வாங்குங்க. லென்ஸ் எண்ணிக்கை குறைஞ்சதா சரித்திரம் இல்லை.

அடுத்தது கதவு. அதுதான் பெட்டியின் உயிர். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் வச்சு மூடி, இழுத்துப் பாருங்க. நாலு பக்கமும் இறுக்கமா இருக்கணும். எங்கே சும்மா வழுக்கி வருதோ அங்கே ஈரமும் வழுக்கி உள்ளே போகும்.

அப்புறம் அந்தப் பளபளப்பான டிஸ்பிளே. உங்க சொந்த ஹைக்ரோமீட்டரை உள்ளே வச்சு ஒரு நாள் ஒப்பிட்டுப் பாருங்க. நாலைஞ்சு நம்பர் வித்தியாசம் சகஜம். அதுக்கு மேலே போனா, திருப்பிக் கொடுக்கிற தேதி முடியறதுக்குள்ளே கடைக்காரரிடம் பேசிடுங்க.

பூட்டு இருக்கும். அது குழந்தைகளுக்காக. திருடனுக்கு அது தடையில்லை, பெட்டியோடவே தூக்கிட்டுப் போயிடுவான்.

உள்ளே எது போகலாம், எது போகக் கூடாது

பலபேர் தவறுறது இங்கேதான், அதனால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 50 லிட்டர் பெட்டியில், எங்க ஊர் ஈரக் காத்து முழுக்க நிறைஞ்சிருந்தாலும், 45 சதவீதத்துக்குக் கொண்டுவர எடுக்க வேண்டிய தண்ணி சுமார் அரை கிராம்தான். சில சொட்டு. பெட்டிக்கு அது பெரிய வேலையே இல்லை.

அப்போ சில பேர் பெட்டி ஏன் மூணு நாளாகியும் 60-ஐ விட்டு இறங்கலை? கேமராவைப் பையோடு உள்ளே வச்சிருப்பாங்க. பையின் பஞ்சு, தோள் பட்டை, அட்டைப் பெட்டி, தோல் உறை எல்லாம் கிராம் கணக்கில் தண்ணியைக் குடிச்சிருக்கும். தோலும் துணியும் பூசணத்துக்குச் சாப்பாடு வேற. அதனால் பை வெளியே. பட்டையைக் கழட்ட முடிஞ்சா அதுவும் வெளியே. கேமராவும் லென்ஸும் மட்டும் உள்ளே. மழையில் நனைஞ்சு வந்தா முதலில் துடைச்சு, ஃபேன் காத்தில் ஆறவிட்டு, அப்புறம் வைங்க.

பெட்டியை எங்கே வைக்கிறது? நேரா வெயில் படாத இடம், அடுப்படிக்கும் குளியலறைக்கும் தள்ளி. சுவரோடு ஒட்டி வைக்காதீங்க, பின்னால் ஒரு கை நுழையுற இடம் விடுங்க. உள்ளே இருந்து எடுத்த ஈரமும் சூடும் அந்த வழியாத்தான் வெளியே போகணும்.

கேட்ட கேள்விகள்

"அரிசி டப்பாவில் போட்டா போதாதா?" அரிசியிலேயே ஈரம் இருக்கு. உறிஞ்சுறதும் கொஞ்சம்தான். அதோட தவிட்டுத் தூசி லென்ஸுக்குள் போகும். அரிசியைப் பொங்கித் தின்னுங்க.

"கேபினட் வாங்கக் காசில்லை." ரப்பர் வளையம் போட்டு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், அந்த ஹைக்ரோமீட்டர், மூணும் போதும். கேபினட்டுக்கு ஆகிற செலவில் ஒரு சின்னப் பங்குதான். ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணியை இழுக்கும். நிறம் மாறினா காயவைக்கணும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கு, அது உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்க, ஈரம் குடிச்சா பச்சையாகும். சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில், சிறு தீயில், கிளறிக் கிளறிக் காயவையுங்க. இதில் ஒரே சிக்கல், ஈரப்பதம் 30-க்குக் கீழே போகலாம். மீட்டரைப் பார்த்துக் கொஞ்சம் ஜெல்லை வெளியே எடுங்க.

"ஏசி ரூமில் வச்சா போதுமே?" ஏசி ஓடுற வரைக்கும் சரி. நிறுத்தினா ஈரம் திரும்பிடும். இன்னொண்ணும் உண்டு. 24 டிகிரி ரூமில் குளிர்ந்த லென்ஸை விடிகாலையில் வெளியே எடுத்தீங்கன்னா, எங்க ஊர்க் காத்து பட்டதும் கண்ணாடி வேர்த்துடும். ஏசி லாட்ஜில் தங்கி உதயம் எடுக்க வர்றவங்க கடற்கரையில் லென்ஸைத் துடைச்சிக்கிட்டே நிக்கிறதை நான் நிறையப் பார்த்திருக்கேன். ரூமிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடுங்க. வெளியே வந்து அரை மணி நேரம் கழிச்சுத் திறங்க. வேர்வை கவர் மேலே படியும், லென்ஸில் படியாது.

"பூசணம் பிடிச்ச லென்ஸைக் கேபினட்டில் வச்சா சரியாகுமா?" ஆகாது. கேபினட் பூசணத்தைக் கொல்லாது, வளரவிடாது. அவ்வளவுதான். முதலில் சுத்தம் பண்ணுங்க, அப்புறம் வைங்க. வெயிலில் காயவைக்கிறேன்னு லென்ஸைச் சூரியனுக்கு நேரே வச்சுட்டுப் போகாதீங்க. பூதக்கண்ணாடி மாதிரி தீப்பிடிக்க வைக்கும்.

கடைசியா ஒண்ணு

கேபினட் காப்பாத்துறது, கேமரா அதுக்குள்ளே இருக்கிற நேரத்தை மட்டும்தான். பெட்டி வாங்கிட்டு, கேமராவைப் பையிலேயே விட்டு வைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும், எவ்வளவு அலுப்பா இருந்தாலும், பையைத் திறந்து உள்ளே வச்சிட்டுத் தூங்குங்க. மாசத்துக்கு ஒருமுறை ஃபோன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்தில் அடிச்சு, மறுபக்கத்தில் இருந்து பாருங்க. நூல் மாதிரி ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கே கடைக்கு ஓடுங்க.

என் 70-300 இன்னும் கேபினட்டில் இருக்கு. மேகமூட்டமான நாளில் தேரூருக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போறேன். வெயில் நேரே அடிக்கிற காலையில் அது ஆகாது.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஹைக்ரோமீட்டரை வாங்கி, உப்பில் சோதிச்சு, இன்னைக்குக் கேமரா இருக்கிற இடத்திலேயே வைங்க. ஒரு வாரத்து நம்பரை எனக்கு அனுப்புங்க. ஊர்ப் பெயரோடு. யார் ஊர் ஜெயிக்குதுன்னு அடுத்த எபிசோடில் சொல்றேன். எங்க ஊருக்குத் தோற்க வாய்ப்பே இல்லைன்னு நினைக்கிறேன்.